கதாநாயகனே இல்லாத தீவுப் பயணம்: ஸ்டீவன்சனோட தென்கடல் கடிதங்கள்

'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதின ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் பின்னாடி நிஜமாவே பசிபிக் தீவுகளுக்குப் போய் எழுதின பயணக் கடிதங்களை, 'இன் த சௌத் சீஸ்' புஸ்தகத்தை, ஆரம்பிச்சேன், ஆனா அந்த நாவல்ல இருக்கற விறுவிறுப்பு துளிகூட இல்லையே, பாதியில நிக்குது, மீதியைப் படிக்கலாமா விட்டுடலாமான்னு கேட்டிருக்கீங்க. படிங்க. ஆனா சாகசக் கதைன்னு நெனச்சு படிச்சா கண்டிப்பா ஏமாந்துதான் போவீங்க, 1891ல நியூயார்க் பேப்பர்ல காசு குடுத்து வாங்கிப் படிச்சவங்களே அப்படித்தான் ஏமாந்தாங்க. அந்த ஏமாற்றம் ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டாலே புஸ்தகம் பாதி புரிஞ்ச மாதிரி.

முதல்ல ஒண்ணு தெளிவாக்கிடறேன். கடிதங்கள்னு பேரு இருந்தாலும் இது யாரோ ஒரு ஃப்ரெண்டுக்கு மனசு விட்டு எழுதினது கிடையாது. மெக்ளூர்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகை ஏஜென்ட், பல பேப்பர்களுக்கு மேட்டர் வாங்கி விக்கிறவரு, நீங்க தீவு தீவா சுத்திட்டு வாங்க, கடிதம் கடிதமா அனுப்புங்க, நான் போடறேன்னு பேசி வச்ச ஏற்பாடு. நியூயார்க்ல 'சன்' பேப்பர், லண்டன்ல 'பிளாக் அண்ட் வொய்ட்' பத்திரிகை, ரெண்டுலயும் வந்துச்சு. நிஜமான கடிதங்கள் தனி, அதுல ஆளு வேற மாதிரி இருப்பாரு, அதுக்குக் கடைசியில வர்றேன்.

போன கதையைச் சுருக்கமாச் சொல்லிடறேன், இது எல்லா இடத்துலயும் கிடைக்கும். பொறந்தது எடின்பரோ, 1850. குடும்பமே லைட்ஹவுஸ் கட்டற இன்ஜினியர் குடும்பம். இவருக்குச் சின்ன வயசுலேருந்தே நெஞ்சு சரியில்லை, இருமி இருமி ரத்தம் வர்ற கேஸு. 1887ல அப்பா போயிட்டாரு, அந்தச் சொத்துலேருந்து வந்த பணத்துல கிட்டத்தட்ட 2000 பவுண்டு போட்டு, காஸ்கோங்கற 74 டன் பாய்மர யாட்டை வாடகைக்கு எடுத்து, 1888 ஜூன் கடைசியில சான் ஃபிரான்சிஸ்கோலேருந்து கெளம்பினாரு. கூட மனைவி ஃபேனி, அவங்க முதல் கல்யாணத்துப் பையன் லாயிட், ஒரு பணிப்பெண், அப்புறம் அறுபதைத் தொடப்போற வயசுல விதவைத் தொப்பி போட்டுக்கிட்டு ஸ்டீவன்சனோட அம்மா. காஸ்கோவோட கேப்டன் ஓடிஸுக்கு இந்தக் கூட்டத்தைப் பாத்தாலே பிடிக்கலை, அந்தம்மா தவறி கடல்ல விழுந்துட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டதுக்கு "லாக் புக்ல எழுதி வைப்பேன்"னு சொன்னாராம். புஸ்தகத்தோட முதல் பக்கத்துலயே ஸ்டீவன்சன் சொல்லிடறாரு, பத்து வருஷமா உடம்பு இறங்கிக்கிட்டே போச்சு, இனிமே எனக்கு வரவேண்டியது நர்ஸும் பொணம் தூக்கறவனும்தான்னு இருந்தேன்னு. அதாவது இந்தாளு சாகசம் தேடிப் போகலை, மூச்சு விட ஒரு இடம் தேடிப் போனாரு. 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதினது 1881ல, ஸ்காட்லாந்து மழையில வீட்டுக்குள்ள உக்காந்து, அப்ப இவரு ஒரு வெப்பமண்டலத் தீவையும் கண்ணால பாத்ததில்லை. பாத்தப்புறம் அந்த மாதிரி எழுத முடியாமப் போச்சு, அதுதான் விஷயமே.

மெக்ளூர் எதிர்பார்த்தது என்ன, கப்பலு, புயலு, நரமாமிசம், நடுவுல நம்ம எழுத்தாளர் ஹீரோ மாதிரி நிக்கணும். வந்தது என்ன, ஒரு பள்ளத்தாக்குல எத்தனை பேரு மிச்சம் இருக்காங்க, தபுங்கற ஊர்த் தடை எப்படி வேலை செய்யுது, நிலம் யாரு பேருல இருக்கு, பிரெஞ்சு அதிகாரி என்ன பண்றாரு. இது பேப்பருக்கு முன்னாடியே வீட்டுக்குள்ள சண்டையாயிடுச்சு. 1889 மே மாசம் ஹோனலுலுலேருந்து ஃபேனி லண்டன்ல இருந்த சிட்னி கால்வினுக்கு ஒரு கடிதம் போடறாங்க, உலகத்துல யாருக்கும் கிடைக்காத சரக்கு இவரு கையில இருக்கு, இவரு அதை வச்சு மொழி ஆராய்ச்சி, இன ஆராய்ச்சின்னு எழுதிக் கெடுக்கப் போறாருன்னு ஒரே புலம்பல். கால்வின் ஃப்ரெண்டு, இலக்கிய ஏஜென்ட் மாதிரியும்கூட, அவருக்கும் இந்தத் தீவு மேட்டர் சலிச்சுப்போச்சு, பின்னாடி ஒருதரம் உங்க கருப்பு ஜனங்களை விட்டு வேற எதையாவது எழுதுங்களேன்ங்கற தொனியில எழுதி ஸ்டீவன்சனுக்கு மனசு வலிச்சிருக்கு. ஆஸ்கர் வைல்டு ஜெயில்ல இருந்தப்போ 1897ல எழுதின ஒரு கடிதத்துல அடிச்ச அடி இன்னும் ஃபேமஸ், இவரு லண்டன்ல ஒரு சாதாரணத் தெருவுல இருந்திருந்தா 'மூன்று மஸ்கெடியர்கள்' மாதிரி ஒண்ணு எழுதியிருப்பாரு, சமோவாவுல இருந்துக்கிட்டு ஜெர்மன்காரனைப் பத்தி டைம்ஸ் பேப்பருக்கு லெட்டர் போட்டுக்கிட்டு இருந்தாருன்னு. சிரிப்பா இருக்கு, ஆனா வைல்டு சொன்னது தப்புன்னுதான் நான் சொல்லுவேன். 'மஸ்கெடியர்கள்' எழுதின டூமா மாதிரி எழுத ஆயிரம் பேரு இருந்தாங்க. ஒரு இனம் அழிஞ்சுக்கிட்டு இருக்கறதைப் பக்கத்துல உக்காந்து, அதுவும் தானும் சாகப்போறோம்னு நெனச்சுக்கிட்டிருந்த ஒரு ஆளு, பரிதாபம் காட்டாம எழுதினது ரொம்பக் கொஞ்சம்.

முதல்ல இறங்கினது மார்கெசாஸ் தீவுக்கூட்டத்துல நூகு ஹிவா, அனாஹோ விரிகுடா, 1888 ஜூலை. இதே தீவுலதான் 1842ல அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் கப்பல்லேருந்து ஓடிப்போய் மாட்டிக்கிட்டது. ஸ்டீவன்சன் கப்பல் நின்ன உடனே ஜனங்க ஏறி வந்துட்டாங்க, சாமான் விக்கப் பாத்தாங்க, இவங்க வாங்கலை, அவங்க கிண்டல் பண்ணினாங்க. இது வரைக்கும் எல்லா வெள்ளைக்காரன் பயணக் குறிப்புலயும் இருக்கும். இவரு அடுத்து எழுதறதுதான் வேற. கேபின்ல உக்காந்து இவரு டைரி எழுதறாரு, சுத்திலும் தரையில சம்மணம் போட்டு உக்காந்து பெரிய பெரிய கண்ணால அத்தனை பேரும் இவரையே பாத்துக்கிட்டு இருக்காங்க, பேச ஒரு பாஷை கிடையாது. பாக்க வந்தவனே இப்ப வேடிக்கைப் பொருளாயிட்டான். அந்தப் பார்வை தன்னை என்ன பண்ணுச்சுன்னு எழுதறாரு, ஒரு மாதிரி விரக்தி, கோபம், அவங்களை மனுஷங்களாவே நெனைக்க முடியாம ஒரு திணறல். கடைசியில எந்தெந்த பாரபட்சத்தோட வந்தேன், அது எப்படி உடைஞ்சுச்சுன்னு வரிசையாப் போறாரு. தன்னைப் பெரிய ஆளாக் காட்டிக்கிற எழுத்தாளன் இதை எடிட் பண்ணித் தூக்கியிருப்பான்.

உடைச்சது எதுன்னா ஸ்காட்லாந்து. இதுதான் இந்தக் கடிதங்களோட சாவின்னு எனக்குப் படுது. 1746ல கல்லோடன் சண்டையில தோத்தப்புறம் ஸ்காட்லாந்து மலைநாட்டு ஜனங்களுக்கு ஆயுதம் தடை, அவங்க கட்டம்போட்ட உடுப்பு தடை, குலத்தலைவனோட அதிகாரம் பிடுங்கல், எல்லாம் நடந்துச்சு. ஸ்டீவன்சன் ஊர்ல இது பாட்டி சொல்ற கதை. மார்கெசாஸ்ல இறங்கிப் பாக்கறாரு, 1842லேருந்து பிரெஞ்சுக்காரன் ஆட்சி, பச்சை குத்தறது தடை, பழைய விருந்து தடை, தலைவனுக்கு வெறும் பேரு மட்டும். அங்க உடுப்பு, இங்க பச்சை. அங்க ராத்திரியோட ராத்திரியா அடுத்தவன் ஊர் மாட்டை ஓட்டிட்டு வந்து தின்ன விடலை, இங்க அடுத்த ஊர் மனுஷனைப் பிடிச்சுத் தின்ன விடலைன்னு ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கிறாரு. யோசிச்சுப் பாருங்க, 19ம் நூற்றாண்டு பிரிட்டிஷ் வாசகனுக்கு உங்க தாத்தனும் இவனும் ஒண்ணுதான்யான்னு சொன்னா எப்படி இருந்திருக்கும்.

இதை ஒரு டெக்னிக்காவும் பயன்படுத்தினாரு. தீவுக்காரங்ககிட்ட உங்க சாமி என்ன, பேய் என்னன்னு நேரடியாக் கேட்டா வாயைத் திறக்க மாட்டாங்க, பாதிரியார்கிட்ட போயிடுமோன்னு பயம், இல்லன்னா வந்தவன் சிரிப்பானோன்னு வெக்கம். இவரு என்ன பண்ணுவாருன்னா முதல்ல தன் ஊர்க் கதையை எடுத்து விடுவாரு. குறி சொல்ற கெழவன், தண்ணிக்குள்ள குதிரை மாதிரி இருக்கற பேய், விருந்துல கருப்புக் காளைத்தலை வந்தா கொலைக்கு அடையாளம்ங்கற ஸ்டர்லிங் கதை. எங்க ஊர்லயும் இப்படித்தான்யான்னு சொன்ன உடனே எதிராளி, அட, இதுக்கு எங்ககிட்ட ஒண்ணு இருக்குன்னு ஆரம்பிச்சிடுவான். தஹிதியில டௌதிரான்னு ஒரு ஊர்ல அப்படி வாங்கின ராஹெரோ கதையைத்தான் பின்னாடி பெரிய கதைப்பாட்டா எழுதினாரு. அந்த டௌதிராவுல இவரு ஜுரத்துல படுத்துக்கிடந்தப்போ மோயேங்கற இளவரசி பச்சை மீன்ல ஏதோ செஞ்சு குடுத்து எழுப்பி உக்கார வச்சாங்க, ஓரிங்கற அந்த ஊர்ப் பெரியவரோட இவரு பேரை மாத்திக்கிட்டாரு, இவரு தெரீதெரா ஆனாரு, அவரு ரூயி ஆனாரு, லூயிங்கறது அவங்க வாயில அப்படித்தான் வரும். காஸ்கோவோட பாய்மரம் உளுத்துப்போனது தெரிஞ்சு அங்கயே வாரக்கணக்குல மாட்டிக்கிட்டதால கிடைச்ச சிநேகம் இது. தஹிதி இந்தப் புஸ்தகத்துல ஒழுங்கா வரவே இல்லைங்கறது எனக்கு இன்னிக்கும் ஒரு குறை.

மார்கெசாஸ் பகுதியில ஒரு இடம் சொல்றேன், இதை மட்டுமாவது படிச்சுடுங்க. அனாஹோவுல ஒரு சின்ன வயசுப் பொண்ணு, மடியில கைக்குழந்தை, கொஞ்சம் பிரெஞ்சு தெரியும். உங்க இங்கிலாந்து எப்படி இருக்கும்னு கேக்கறா. இவரு கையாலயும் வாயாலயும் விளக்கறாரு, ஜனம் ஜாஸ்தி, பசி, நாள் பூரா வேலைன்னு. ஈரப்பலா கூட கெடையாதான்னு அவளுக்கு ஒரே பரிதாபம், நம்மளைப் பாத்து அவ உச்சுக்கொட்டறா. அப்புறம் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, குழந்தையைப் பாத்து, இதோ இப்படி ஒண்ணு பொறக்குது, அப்புறம் செத்துப்போகுது, எங்க ஜனம் எல்லாரும் செத்துப்போயிடுவாங்க, அப்புறம் யாரும் இல்லைன்னு சாதாரணமாச் சொல்றா. அங்க நெரிசல்ல சாவு, இங்க காலியாகிச் சாவு. இவரு பெரிசா கண்ணீர் விடாம அடுத்த விஷயத்துக்குப் போயிடறாரு.

அப்புறம் கணக்கையும் போட்டுடறாரு. ஹபாங்கற பள்ளத்தாக்குல சுமார் 400 பேரு இருந்ததாச் சொல்றாங்க, அம்மை வந்து கால்வாசி போச்சு, ஆறு மாசம் கழிச்சு ஒரு பொம்பளைக்கு காசநோய் வந்து பள்ளத்தாக்கு பூரா பரவி, ஒரு வருஷத்துக்குள்ள ஒரு ஆணும் ஒரு பெண்ணும் மட்டும் மிஞ்சி அங்கேருந்து ஓடிட்டாங்க. காரணம் என்னன்னு இவரு தேடறதும் சுவாரசியம். நோய், அபின், குடி, குழந்தைக் கொலைன்னு ஒவ்வொண்ணாப் பாத்துட்டு, மத்த தீவுகளோட ஒப்பிட்டு, மாற்றம் எங்க ரொம்பக் கம்மியோ, நல்ல மாற்றமோ கெட்ட மாற்றமோ, அங்க ஜனம் பொழைக்குது, மாற்றம் எங்க ஜாஸ்தியோ அங்க அழியுதுன்னு ஒரு முடிவுக்கு வர்றாரு. ஆட்டம், பாட்டு, விருந்து எல்லாத்தையும் தடை பண்ணிட்டா மனுஷனுக்கு வாழறதுக்கு என்ன ஆசை இருக்கும்னு கேக்கறாரு. இன்னிக்கு நாம எதிர்ப்புச்சக்தி இல்லாத ஜனத்துக்குள்ள புதுசா வந்த நோயைத்தான் முதல் இடத்துல வைப்போம், இவரு மனச்சோர்வுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி இடம் குடுத்துட்டாருன்னு தோணும். ஆனா மிஷனரியும் அதிகாரியும் சோம்பேறி, ஒழுக்கம் இல்லாதவன், அதான் சாகறான்னு சொல்லிக்கிட்டிருந்த காலத்துல இவரு கேட்டது நியாயமான கேள்வி.

நரமாமிசம் பத்தின அத்தியாயமும் இருக்கு, மெக்ளூருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கவேண்டிய சரக்கு. அதையும் இவரு கவுத்துட்டாரு. கூவாமுவான்னு ஹடிஹேயு ஊர்த் தலைவர், ஒருகாலத்துல செத்த எதிரியோட கையைத் தோள்ல போட்டுக்கிட்டு கடற்கரையில நடந்து, எதிரிக்கு இதுதான் கதின்னு கத்திக்கிட்டே கடிச்சுத் தின்னவருன்னு பேரு. அந்தாளு வெள்ளைக்கார உடுப்புல காலை நேரத்துல மரியாதைக்கு விசிட் வர்றாரு, நல்ல பேச்சு, கம்பீரம், மூஞ்சி அப்படியே பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் மாதிரி, என்ன, நிறம் வேற, ஒரு பக்கம் மூஞ்சி பூரா நீலமாப் பச்சை குத்தியிருக்குன்னு எழுதறாரு. அதோட விடலை. நாம மாட்டையும் பன்னியையும் அடிச்சுத் தின்றோம், பௌத்தனும் மரக்கறி சாப்பிடறவனும் நம்மளைப் பாத்தா இதே அருவருப்புதானே படுவான்னு கேக்கறாரு. ஆசியாவுல ஒரு பக்கத்துலேருந்து படிக்கறப்போ இந்த வரி அவரு நெனச்சதை விட நல்லாவே உறைக்குது.

ஆனா இவரைத் தூக்கி வச்சு ஆடவும் வேண்டாம். காட்டுமிராண்டிங்கற மாதிரி வார்த்தைகள் தாராளமா வரும், இனம் இனமாப் பிரிச்சு குணம் சொல்றது வரும், அந்தக் காலத்து ஆளு. வியாபாரிங்க கப்பல்லயே பயணம் பண்ணினதால கொப்பரை வியாபாரிங்க பண்ணின அநியாயத்துல இவரு கை கொஞ்சம் மெதுவாத்தான் விழும்.

பாமோட்டு பகுதி சின்னது. ஃபகராவா பவளத்தீவு, கயிறு மாதிரி மெலிசா வளைஞ்சு கிடக்கிற மணல்திட்டு, உள்ள ஏரி மாதிரி கடல், தென்னையைத் தவிர உருப்படியா ஒண்ணும் விளையாது. அங்க மீன் விவகாரம் ஒண்ணு எழுதியிருப்பாரு, ஒரே ஜாதி மீன் ஒரு இடத்துல பிடிச்சா சாப்பிடலாம், கொஞ்சம் தள்ளிப் பிடிச்சா விஷம், ஊர்க்காரனுக்குத்தான் எது எதுன்னு தெரியும். பவளப்பாறை நுண்பாசியிலேருந்து மீன் உடம்புல ஏறற விஷம்னு இப்ப நமக்குத் தெரியும். மிச்சம் பூரா பேய்க்கதை. செத்தவங்களைப் பத்தின பயம் அந்த ஜனத்தை எப்படி ஆட்டி வைக்குதுன்னு ஒரு அத்தியாயம், ராத்திரி படிக்கலாம், நல்லா இருக்கும்.

நீங்க நின்னுபோன இடத்துலேருந்து நகர முடியலைன்னா நேரா கில்பர்ட் தீவுகளுக்குத் தாவிடுங்க, ஒண்ணும் குடிமுழுகாது. ஹவாய்ல காஸ்கோவை அனுப்பிட்டு, 1889 ஜூன்ல ஈக்வேட்டர்ங்கற கொப்பரை வியாபாரக் கப்பல்ல ஏறி அங்க போனாங்க. முதல்ல புடாரிடாரி. போய் இறங்கற நேரம் ஊரே போதையில. அமெரிக்க வியாபாரிங்க ஜூலை 4 கொண்டாடறாங்கன்னு ராஜா சாராயத்தடையை எடுத்துட்டாரு, திரும்பப் போட மறந்துட்டாரு, இல்ல மனசு வரலை. ராஜாவே மப்புல. ராத்திரி ஸ்டீவன்சன் மேல கல்லு வந்து விழுது. விக்கிற கடைக்காரங்களைப் பேசிப்பேசி நிறுத்த வச்சு, ஊரு தெளிஞ்சதும் பக்கத்துத் தீவு ஆட்டக்குழுவும் இந்த ஊர் குழுவும் போட்டி போட்டு ஆடறாங்க, அந்த ஆட்ட வர்ணனை மொத்தப் புஸ்தகத்துலயே அழகான எழுத்துல ஒண்ணு.

அப்புறம் அபெமாமா. இங்கதான் இவருக்கு ஒரு பாத்திரம் கிடைச்சாரு, தெம்பினோக் ராஜா. மூணு தீவுக்கு ஒரே எஜமான். பருத்த உடம்பு, கழுகு மூக்கு, நீளமான கருப்பு முடி, சில நாள் பொம்பளை கவுன், சில நாள் கடற்படை உடுப்பு, சில நாள் தானே டிசைன் பண்ணித் தைச்ச பட்டுக்கோட்டு. இவரு அனுமதி இல்லாம வெள்ளைக்காரன் யாரும் தீவுல தங்கக் கூடாது, கொப்பரை வியாபாரம் பூரா தன் கையில. கப்பல் வந்தா எல்லாத்தையும் வாங்குவாரு, கடிகாரம், பாட்டுப்பெட்டி, நீலக் கண்ணாடி, குடை, தையல் மெஷின், துப்பாக்கி, அந்த வெயில்ல குளிர்காய ஸ்டவ் கூட, வாங்கி வாங்கி வீடு வீடா அடைச்சு வச்சிருக்காரு. கப்பல் கேப்டன்களை மூணு ரகமாப் பிரிச்சு வச்சிருந்தாரு: கொஞ்சமா ஏமாத்தறவன், நெறைய ஏமாத்தறவன், அளவுக்கு மீறி ஏமாத்தறவன். முதல் ரெண்டு பேரோட வியாபாரம் உண்டு, மூணாமவனுக்கு மட்டும் இடம் இல்லை. கொப்பரை கடனுக்குக் குடுத்து வாங்கற எந்த வியாபாரிக்கும் இந்த வகைப்பாடு தெரிஞ்சதுதான்.

ஸ்டீவன்சன் தங்க அனுமதி கேட்டதும் ராஜா உடனே பதில் சொல்லலை, நாள் கணக்கா இவரு மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் உன் கண்ணைப் பாத்தேன், நீ நல்லவன், பொய் சொல்லமாட்டேன்னு ஒரு தீர்ப்பு. உடனே ஆளுங்க வந்து வீடுகளை அப்படியே தூக்கிக்கிட்டு நடந்து வந்து இவரு காட்டின இடத்துல வச்சாங்க, சுத்தி ஒரு எல்லை போட்டு, உள்ள எவனும் கால் வைக்கக்கூடாதுன்னு உத்தரவு. அந்த இடத்துக்கு ஈக்வேட்டர் டவுன்னு இவங்களே பேரு வச்சாங்க. கப்பல் சொன்ன நாளுக்கு வரலை, சாப்பாடு குறைஞ்சுபோச்சு, ரெண்டு மாசம் கிட்ட ராஜாவோட நிழல்லயே வாழ்ந்தாங்க. அரண்மனை பூரா பொம்பளைங்க, காவலுக்கும் பொம்பளைங்கதான், ராஜா டெய்லி நோட்டு போட்டு தன் ராஜ்ஜியத்து வரலாறு எழுதறாரு, பாட்டும் கட்டறாரு. உங்க பாட்டு எதைப் பத்தின்னு ஸ்டீவன்சன் கேட்டா, காதலி, மரம், கடல், எல்லாம் நெசம் கெடையாது, எல்லாம் பொய்தான்னாரு. தொழில்முறை எழுத்தாளர் ஒருத்தர் முன்னாடி இவ்வளவு சுருக்கமா இலக்கியத்தை யாரும் விளக்கியிருக்க மாட்டாங்க, ஸ்டீவன்சனும் அதை ரசிச்சு அப்படியே எழுதி வச்சாரு.

தெம்பினோக்கை இவருக்கு ரொம்பவே பிடிச்சுப்போச்சு, அதுலதான் எனக்குக் கொஞ்சம் நெருடல். அந்தாளு ஒரு கொடுங்கோலன், துப்பாக்கியை வச்சுத்தான் ஆட்சி, குடிகளுக்கு மூச்சு விட அனுமதி வேணும். ஸ்டீவன்சன் அதை மறைக்கலை, எல்லாத்தையும் எழுதறாரு, ஆனா நடுவுல ஒரு ஓரவஞ்சனை தெரியும். கம்பெனிக்காரனும் காலனிக்காரனும் எல்லா ராஜாவையும் பொம்மையாக்கின கடல்ல ஒருத்தன் மட்டும் தன் ஊர்க் கதவைத் தானே திறந்து தானே மூடறான், அதுல மயங்கிட்டாருன்னு நெனைக்கறேன்.

டிசம்பர் 1889ல சமோவா, அபியா துறைமுகம். அந்த வருஷம் மார்ச்ல அடிச்ச சூறாவளியில ஜெர்மன், அமெரிக்கப் போர்க்கப்பல்கள் உடைஞ்ச இடம். அங்கயே நிலம் வாங்கி வைலிமாவுல வீடு கட்டி, 1894 டிசம்பர் 3ல 44 வயசுல மூளையில ரத்தம் கசிஞ்சு செத்துப்போனாரு, பயந்துக்கிட்டிருந்த நுரையீரல் அவரைக் கொல்லலை. கடிதங்களைப் புஸ்தகமா ஒழுங்குபடுத்தி முடிக்கவே இல்லை. செத்தப்புறம் 1896ல கால்வின்தான் அதுலேருந்து பொறுக்கியெடுத்துப் போட்டாரு, ஹவாய் கடிதங்களை எல்லாம் விட்டுட்டாரு. அதனாலதான் புஸ்தகம் திடீர்னு ஒரு தீவுக்கூட்டத்துலேருந்து இன்னொண்ணுக்குக் குதிக்கும், முடிவும் அபெமாமாவுல பட்டுன்னு நிக்கும், உங்க காப்பியில பக்கம் கிழிஞ்சிருக்கோன்னு பாக்காதீங்க.

அதுல வராத ஒரு விஷயத்தைத் தேடிப் படிக்கணும். 1889 மே மாசம் இவரு ஹவாயோட மொலோகாய் தீவுல கலாவ்பாபாவுக்குப் போனாரு, தொழுநோயாளிகளைத் தனியா ஒதுக்கி வச்ச இடம். அவங்களோடயே இருந்து சேவை பண்ணின ஃபாதர் டேமியன் செத்து ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு. அங்க இருந்த பொண்ணுங்களோட கிரோக்கே விளையாடினதையும், படகுல போறப்போ தன் பயத்தையும் ஃபேனிக்கு எழுதியிருக்காரு, அப்புறம் அந்தப் பொண்ணுங்களுக்கு ஒரு பியானோ வாங்கி அனுப்பினாரு. பின்னாடி ஹோனலுலுவுல இருந்த ஹைட்ங்கற பாதிரியார் டேமியனை அசிங்கமாப் பேசி எழுதின கடிதம் பேப்பர்ல வந்ததும், 1890 பிப்ரவரியில சிட்னியிலேருந்து ஒரு பகிரங்கக் கடிதம் போட்டாரு பாருங்க, வழக்கு வந்தா சொத்து பூரா போயிடும்னு தெரிஞ்சே போட்டது. பயணக் கடிதங்கள்ல அடக்கி வச்ச கோபம் பூரா அதுல இருக்கு. ஜேனட் நிக்கல் கப்பல்ல அதே வருஷம் போன மூணாவது பயணத்துக்கு ஃபேனியோட டைரி இருக்கு, 1914ல வந்துச்சு. இவரு எழுதாம விட்ட வேடிக்கையெல்லாம், யாரு என்ன உடுத்தினா, சமையல்ல என்ன கூத்து, எல்லாம் அதுலதான். அம்மா மார்கரெட் தன் அக்காவுக்கு எழுதின கடிதங்களும் 1903ல வந்துச்சு, காஸ்கோ நாட்களுக்கு அதைப் பக்கத்துல வச்சுக்கிட்டா ஒரே நாளை மகன் ஒரு மாதிரியும் அம்மா ஒரு மாதிரியும் சொல்றது தெரியும். கால்வினுக்கு எழுதின நிஜக் கடிதங்கள் 'வைலிமா லெட்டர்ஸ்'னு 1895லயே வந்தாச்சு, அதுல ஆளு தோட்டத்துல களை பிடுங்கிக்கிட்டே சமோவா அரசியல் பேசுவாரு.

எல்லாமே காப்புரிமை முடிஞ்சது, இலவசமாவே கிடைக்கும். கில்பர்ட் பகுதியை முதல்ல படிங்க, அப்புறம் மார்கெசாஸுக்குத் திரும்புங்க, பாமோட்டு எப்ப வேணாலும். ஒரு மேப் திறந்து வச்சுக்கோங்க, ஆனா பழைய பேரைப் போட்டுத் தேடினா சுத்தவிடும், கில்பர்ட் தீவுகள் இப்ப கிரிபாஸ் (Kiribati) நாட்டுல இருக்கு, பாமோட்டுன்னு இவரு சொல்றது துவாமோட்டு, அதுவும் மார்கெசாஸும் இன்னிக்கும் பிரெஞ்சு பாலினீசியாதான்.